மூன்றாவது வீதியில் சிறுத்தை

மடத்துக்குளம்,
3.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை கோமளா எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அதனால்தான் நானே கேட்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிட வேண்டாம். குலதெய்வக் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டு நீங்கள் சொன்னது, "இனி உங்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்பதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை நன்றாக யோசித்துப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். எழுத்து பேச்சாகாது, சாமி கோபித்துக்கொள்ளாது.

கிருத்திகா படிப்பை முடித்துவிட்டாள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை. நல்லூரில், உங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் இருக்கும் பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள். ஒரு வருடம் வேலைக்குப் போகட்டும், அப்புறம் கல்யாணம் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மனசே இல்லாமல் கொடுத்த வாக்கு. அந்தப் பக்கம் நாய்த்தொல்லை அதிகம் என்று யாரோ சொன்னதிலிருந்து, "ஏதாச்சும் ஒண்ணுன்னா கூட்டியாந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நீங்கள் அவளோடு பேச வேண்டாம். போகும்போது வரும்போது ஒரு கண் பார்த்தால் போதும். 

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

கோமளா


நல்லூர்,
19.11.2024

கோமளாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எழுத்து பேச்சாகாது என்று கண்டுபிடித்திருக்கிறாய். வக்கீலுக்குப் படித்திருக்கலாம். நான் சாமிக்குப் பயந்து பேசாமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவன் கற்பூரத்துக்குப் பயப்படுவதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், அவ்வளவுதான்.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உன் மகள் பெரியவளான சீருக்குத் தாய்மாமனாக நான் சீர்த்தட்டுகளோடு புறப்பட்டு வந்தேன். பல்லடம் தாண்டி வேன் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று சித்தப்பா மகனை என் இடத்தில் நிறுத்தி மாலை போட வைத்தீர்கள். நான் வந்து இறங்கியபோது பந்தலில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாழையிலைகளைத் தாண்டி நானும் உன் அண்ணி நல்லம்மாளும் தட்டோடு நடந்து வந்ததை மொத்தச் சனமும் பார்த்தது. நல்லம்மாள் சாகிறவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காரியத்துக்கு நீ வந்து வாசலில் நின்றதும் எனக்குத் தெரியும். இருந்தும் நான் பேசவில்லை.

இந்த ஊரைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன். வீதியில் மனிதர்களைவிட மற்றதுகள் ஒழுங்காக இருக்கின்றன. விடிந்தால் மயில்கள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி அலறுகின்றன. குரங்குகள் ஒரு கூட்டம் வந்து துணிக்கொடியில் காயும் பனியன்களை உருவிக்கொண்டு போகிறது. கீரிப்பிள்ளை என் காம்பவுண்டுக்குள் குடித்தனம் நடத்துகிறது. நாய்கள் உண்டு. காலி மனையில் கொட்டிய பனியன் துணிக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள்மேல் மெத்தை போட்டது போலப் படுத்திருக்கும். நின்று நடப்பவர்களை ஒன்றும் செய்யாது, ஓடுகிறவர்களைத் துரத்தும்.

உன் மகளை நான் பார்க்கவில்லை. பார்க்கும் அவசியமும் எனக்கு இல்லை. சிவப்புத் தோள்பையை ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற பெண் அவள் என்றால், தேய்க்காமல் நடக்கச் சொல். நாய்க்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

சென்னியப்பன்


மடத்துக்குளம்,
30.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு சுகம். நீங்களும் சுகம் என்று கடிதத்தின் நீளத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

இலையைத் தாண்டி நடந்து வந்ததை நானும் மறக்கவில்லை, அண்ணா. அதைப் பற்றி எழுத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கிருத்திகா போனில் ஒன்று சொன்னாள். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, மழை இல்லாத நாளிலும் குடையோடு ஒருவர் நிற்கிறாராம். அவள் நடந்தால் அவரும் பின்னால் நடக்கிறாராம். ஹாஸ்டல் கேட் வந்ததும் குடையை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாராம். "அம்மா, அது மாமாதான?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், ஊரில் குடை வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் என்று சொல்லிவிட்டேன்.

தேங்காய் ஒரு மூட்டை லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் கீரிப்பிள்ளைக்குக் கொடுங்கள்.

கோமளா


நல்லூர்,
15.12.2024

கோமளாவுக்கு,

தேங்காய் வந்தது. கீரிப்பிள்ளை தேங்காய் தின்னாது. இவ்வளவு வருடம் தோப்பில் இருந்துகொண்டு இது தெரியவில்லை.

குளிர் வந்ததில் முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது. நடந்தால் சரியாகிறது. டாக்டர் சாயந்திரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாப் வரை நடப்பது அதற்காகத்தான். குடை ஊன்றுகோலாகவும் ஆகும்.

உன் மகள் பேசிவிட்டாள். பேசாமல் இருப்பதாக நான் சபதம் செய்தது உன்னோடுதானே ஒழிய அவளோடு இல்லை. அவள் டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த சோற்றை ஒரு செவலை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கெல்லாம் பேரு வெச்சா அது ஊட்டுக்குள்ள வந்துரும், கண்ணு" என்றேன்.

"பேரு வெக்கலீங்க மாமா. வாடீன்னுதான் கூப்புடறனுங்க."

"அதுவும் பேருதான்."

"அப்ப உங்கள என்னன்னுங்க கூப்புடறது? தெனமும் பொறகால வாரீங்களே."

குடை சரியாக இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தேன். உன் வாய் அப்படியே அவளுக்கு.

நாய் குளிரில் நடுங்குகிறது என்று வருத்தப்பட்டாள். கொங்கு நாட்டு நாய்களுக்கு மார்கழி புதிதல்ல, ரோமம் அடர்ந்து தானே தாங்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை.

பின் வீட்டு கிட்டுசாமி வீதிச் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டான். பத்துத் தையல் மெஷின் வைத்திருக்கிற திமிர். என்னை "வாத்தியாரே" என்று கூப்பிடுகிறான். கல்லூரி வாத்தியார் வேலைக்கு எழுதி எழுதிக் கிடைக்காமல், பனியன் துணியைச் சுருங்காதபடி அழுத்திக் கொடுக்கும் காம்பேக்டிங் பட்டறையில் கணக்கு எழுதினவன் நான் என்று தெரிந்தேதான் அப்படிக் கூப்பிடுகிறான்.

சென்னியப்பன்


மடத்துக்குளம்,
27.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்து எழுத நேரமில்லை, மன்னிக்கவும். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

உங்கள் வீதியில் சிறுத்தை நடமாடுகிறதாமே. வீடியோ இங்கே எல்லார் போனிலும் வந்துவிட்டது. மூன்றாவது வீதியில் இருட்டுகிற நேரம், மதில் ஓரமாகப் புள்ளி புள்ளியாக ஒன்று போகிறது. அவர் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டச் சொல்லி கிருத்திகாவுக்குப் போன் செய்துவிட்டார். தாராபுரத்து வரன் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவளை அழைத்து வந்த கையோடு அதற்குச் சரி என்று சொல்லிவிடுவாராம்.

"சிறுத்தை இல்லைன்னு ஆச்சுன்னா நான் குடுத்த வாக்கு வாக்குதான். இருக்குதுன்னா எம்புள்ளய உட மாட்டேன்" என்கிறார்.

நீங்கள் மிருகம் படித்தவர். கிருத்திகாவைக் கேட்டால் அவள் பாதியைத்தான் சொல்வாள். நீங்கள் உங்கள் கையால் எழுதுங்கள். அது சிறுத்தையா, இல்லையா? நீங்கள் எழுதுவதை அவர் நம்புவார்.

கோமளா


நல்லூர்,
2.1.2025

கோமளாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இந்த வாரம் முழங்கால் நினைவே வரவில்லை.

வீடியோ கிட்டுசாமியின் கேமராவில் பதிந்தது. எடுத்துக்கொண்டு அவனே என் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருடத்தில் அவன் என் வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. பின்னால் பாதி வீதி நின்றது.

"வாத்தியாரே, நீங்க படிச்சது மிருகமுங்களே. சித்த பாத்துச் சொல்லுங்க" என்றான். இந்த முறை "வாத்தியாரே" என்றதில் கிண்டல் இல்லை.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தலையை ஸ்கூட்டர் மறைக்கிறது, வாலை மதில் மறைக்கிறது. ஆனால் உடல் தெளிவாக இருக்கிறது. புள்ளிகள் வெறும் புள்ளிகள் அல்ல. நடுவில் வெளிறிய வளையங்கள். வேங்கைக்கு வரி, சிவிங்கிப்புலிக்குத் திட்டமான கரும்புள்ளி, இந்த வளையம் சிறுத்தைக்கு மட்டுமே. உயரத்தை வைத்துப் பார்த்தால் வளர்ந்த குட்டி. வீதி நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து என்னை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். வனத்துறை ஆட்கள் வந்து, கால்தடம் ஒன்றும் இல்லையே என்றார்கள். தரை காய்ந்து கிடக்கிறது, பதியாது என்று அவர்களுக்கும் விளக்கினேன்.

உன் மகள் கூட்டத்தில் புகுந்து என்னவோ சொல்ல வந்தாள். சாம்பிள், பிரிண்ட் என்று கம்பெனிப் பேச்சு. "எம்.எஸ்ஸி. படிச்சது நானா நீயா" என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில்: அது சிறுத்தைதான்.

சென்னியப்பன்


மடத்துக்குளம்,
8.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

பொங்கல் லீவுக்குக் கிருத்திகா வருகிறாள். திரும்ப அனுப்பப் போவதில்லை. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தாராபுரத்தார் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

அவள் அழுகிறாள். அது நாய் என்கிறாள். குளிருக்கு அவளே ஒரு குழந்தை ஜாக்கெட்டை நாய்க்கு மாட்டிவிட்டாளாம். வெளிநாட்டுப் பையர் வேண்டாமென்று தள்ளிய சாம்பிளாம். "அப்புடின்னா அந்த நாயக் காட்டு" என்றார் இவர். புத்தாண்டு வெடிச் சத்தத்தில் அது எங்கோ ஓடிவிட்டதாம். "இங்க வராம இருக்கறதுக்குக் கதை சொல்றா. படிச்ச மாமன் கைப்பட எழுதியிருக்கறாரு" என்று முடித்துவிட்டார்.

எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. உங்களை நம்புகிறேன். 

ஒன்று மட்டும் எழுதுகிறேன். வேலைக்குப் போன இந்த இரண்டு மாதத்தில் அவள் குரல் மாறியிருந்தது. நன்றாக இருந்தது.

கோமளா


நல்லூர்,
13.1.2025

கோமளாவுக்கு,

நலம்.

நாய்க்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான். எழுதினது எழுதினதுதான்.

ஆனால் சிறுத்தை ஒரே இடத்தில் தங்கும் விலங்கு அல்ல என்பதையும் மாப்பிள்ளைக்குச் சொல்லவும். இரை தேடி வரும், போய்விடும். போயிருக்கக்கூடும். ஒரு கல்யாணத்தை அவசரப்பட்டு முடிவு செய்யும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. தாராபுரத்து ஆட்களை நான் விசாரித்துப் பார்க்கவில்லை. விசாரிக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவும் இல்லை. மாமன் என்று ஒருவன் இருப்பது உங்களுக்குச் சிறுத்தை வந்தால்தான் நினைவுக்கு வருகிறது.

இன்று காலை உன் மகள் ஊருக்குப் புறப்படும்போது கேட் அருகே நின்று, "போயிட்டு வாரனுங்க மாமா" என்றாள். "வாரேன்" என்று சொல்லிப் போனாள்.

சென்னியப்பன்


மடத்துக்குளம்,
22.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் மிக மிகச் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் வழக்கத்துக்காகக் கேட்கிறேன், சுகமா?

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை ஏழரை மணி இருக்கும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் வெற்றிலை அடுக்கியாகிவிட்டது. போன் அடித்தது. புது எண். எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் பேசினார், பெயர் சொல்லவில்லை.

"கோமளா. சிறுத்தை இல்ல. நாயி. ஜாக்கெட் போட்ட நாயி. இதா எங்காலுக்கிட்டத்தான் ஒக்காந்திருக்குது. மாப்பளகிட்டச் சொல்லு, புள்ளய நிறுத்தாதீங்கன்னு" என்றார்.

"நீங்க யாருங்க பேசறது?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

"நல்லூர்ல இருந்து" என்றார். அப்புறம், "வெய்யில்ல நிக்காத, உள்ள போ" என்று சின்ன வயதில் சொல்வது போலவே சொல்லி வைத்துவிட்டார். 

இவருக்குப் போட்டோவும் வந்தது. நாய் புள்ளி ஜாக்கெட்டோடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்க்கிறது. இவர் முதலில் கோபப்பட்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தார். "நடுவில் வெளிறிய வளையங்கள்" என்ற இடம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் அங்கேயும் நின்று சிரித்தார். பிறகு தாராபுரத்தாருக்குப் போன் செய்து, வாக்கு ஒன்று முன்னாலேயே கொடுத்திருக்கிறேன், வருடம் முடியட்டும் என்றார். அவர்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்களாம். நல்ல மனிதர்கள், சரி என்று இறங்கிக்கொண்டார்கள். 

சாயந்திரம் அவராகவே சொன்னார். "அன்னிக்குச் சீருல அரை மணி நேரம் உங்கண்ணனுக்கு நிறுத்தி வெச்சிருக்கோணும். நல்ல நேரம் எங்கயும் ஓடிப்போயிருக்காது." எழுத்தில் சொல்லத் தைரியமில்லை என்று நான் முன்பு எழுதியது இதைத்தான்.

கிருத்திகா திங்கட்கிழமை வந்து சேர்ந்திருப்பாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்கிறாள். வேறு ஒன்றும் கேட்கச் சொன்னாள், நான் கேட்க மாட்டேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

கோமளா


நல்லூர்,
6.2.2025

கோமளாவுக்கு,

சுகம்தான். கேட்டதற்கு நன்றி. மாப்பிள்ளை சிரித்து முடித்துவிட்டாரா?

யாரோ போன் செய்ததாக எழுதியிருந்தாய். நல்லூரில் போன் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். யாராக இருந்தாலும் நல்லதைத்தான் செய்திருக்கிறார். நான் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வீதியே காலியாகிவிட்டது. பனியன் கம்பெனிகள் மூடிவிட்டன, வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த ஞாயிறு காலை நடை போகும்போது தற்செயலாக ஹாஸ்டல் பக்கம் போனேன். சிறுத்தை போய்விட்டதற்கு ஏதாவது அடையாளம் கிடைத்தால் பத்து மணிக்குள் உங்களுக்குத் தெரிவிக்கலாம் என்று ஒரு எண்ணம். பூட்டிய கேட்டுக்கு முன்னால் அது படுத்திருந்தது. முதுகு என் பக்கம். புள்ளிகள் அப்படியே. நான் நின்றுவிட்டேன். ஓட முழங்கால் இடம் கொடுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை சொன்னது சரிதான், பிள்ளை ஊரிலேயே இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போது அது எழுந்து, உடம்பை உதறி, பின்னங்காலால் காதைச் சொறிந்தது. உதறியதில் ஜாக்கெட்டின் ஒரு கை கழன்று தொங்கியது. உள்ளே செவலை. வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்து, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தது. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் என் செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. கழுத்துப் பட்டியில் லேபிள் இருந்தது. வயது 2–3, வெதுவெதுப்பான நீரில் அலசவும்.

நாய் கிடைத்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டான். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். வளையங்களைப் பற்றி நான் சொன்னதில் பிழை இல்லை. கிருத்திகாவைக் கேட்டேன். டிசைன் போட்டவன் உண்மையான சிறுத்தையின் போட்டோவைப் பார்த்துத்தான் அந்தப் பிரிண்ட்டைப் போட்டானாம். ஆகவே என் கண் சரி. அது போர்த்தியிருந்த விதம்தான் தவறு.

வீதிக்கும் நானே சொன்னேன். வேறு யார் வாயிலாவது வருவதைவிட அது மேல். சங்கக் கூட்டத்தில் எழுந்து, நாய் என்றேன். கிட்டுசாமி இதற்காகவே பிறந்தவன் போல எழுந்தான்.

"ஏனுங் வாத்தியாரே, அந்தச் சிறுத்தை எல் சைசுங்களா, எக்ஸெல் சைசுங்களா?"

"ரெண்டு மூணு வயசுக் கொழந்தை சைசு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற உன் மகளும் சிரித்தாள். வழக்கமாக இப்படிப்பட்டதை நான் வருடக்கணக்கில் வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், கோபம் ஒன்றும் அகப்படவில்லை. குழந்தைகளைச் சாயந்திரம் வெளியே விட்டுவிட்டார்கள். வீதி பழையபடி இரைச்சலாக இருக்கிறது.

மாப்பிள்ளை சீரைப் பற்றிச் சொன்னதை எழுதியிருந்தாய். அரை மணி நேரம் இல்லை, முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவரிடம் சொல்.

மாடி அறையைச் சுத்தம் செய்திருக்கிறேன். குரங்குகள் செய்து வைத்த அசிங்கத்துக்காகச் செய்தது. நல்லம்மாளின் கட்டிலும் மெத்தையும் வெயிலில் காய்கின்றன. கிருத்திகா கேட்கச் சொன்னது அதுதான் என்றால், வரச் சொல். நாய் படிக்கட்டு வரை வரலாம், மாடிக்கு வரக்கூடாது. அடுத்த சீசனுக்கு அவள் கம்பெனியில் வரிப்புலி பிரிண்ட் வருகிறதாம். நாய்க்கு இனிமேல் சாம்பல் நிறம் மட்டுமே என்று சொல்லிவிட்டேன், சரி என்றிருக்கிறாள்.

அவளுக்குப் போர்வையும் தலையணையும் வேண்டுமென்றால் லாரி சர்வீஸில் அனுப்பு. மாசி மாதம் நேரில் கொண்டு வந்தாலும் சரி. வந்தால் பேச்சு உண்டா என்று முன்கூட்டி எழுதிக் கேட்காதே.

மணி ஆறாகப் போகிறது. கம்பெனி பஸ் வருகிற நேரம். இப்போது சிறுத்தையும் இல்லை, நாயும் தெரிந்த நாய், முழங்காலும் பரவாயில்லை. ஆனாலும் தபால் பெட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. போய்விட்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன் சென்னியப்பன்